கம்பாக்கம் மலை: நிலமும் வானிலையும்

இருப்பிடம்

கோட்டைக்குப்பத்துக் கரையிலிருந்து பழவேற்காடு ஏரியின் மேலாக வடமேற்கே பார்த்தால், காற்றில் ஈரம் குறைந்த நாட்களில், தொடுவானத்தை ஒட்டி நீலநிறத்தில் நீண்ட மேடு ஒன்று தெரியும். கம்பாக்கம் மலை அதுதான். குப்பத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஏரியின் மேற்குக் கரையிலுள்ள தடாவிலிருந்து அளந்தால் 20 கிலோமீட்டர்தான். உச்சி 2,500 அடிக்குச் சற்று மேல், அதாவது 750 மீட்டரைத் தாண்டும். நீலகிரியையும் பழனி மலையையும் பார்த்தவர்களுக்கு இந்த உயரம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் இது கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளியிலிருந்து நேரே எழும் மலை. அடிவாரக் கிராமங்கள் கடல் மட்டத்துக்கு மேல் சில பத்து மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. எனவே ஏறுகிறவர் மலையின் முழு உயரத்தையும் காலாலேயே ஏற வேண்டும். பாதி உயரம் வரை பேருந்தில் போய் இறங்கும் வசதி இங்கே கிடையாது.

நாகலாபுரம் மலைகள் என்று பொதுவாகச் சொல்லப்படும் தொகுதியின் கிழக்கு விளிம்பு இது. தொகுதியின் தெற்கே நாகலாபுரமும் தென்கிழக்கே சத்தியவேடும் கிழக்கே வரதய்யபாளையமும் உள்ளன. வடமேற்கே இன்னும் தள்ளிப் போனால் திருமலையும் சேஷாசலமும். எல்லாம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகள். மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல அறுபடாத சுவராக நிற்காமல், இடையிடையே ஆறுகள் அறுத்துக்கொண்டு போனதால் தனித்தனித் திட்டுகளாக நிற்பவை. தென்மேற்கே நகரி மலைகள். அங்கே வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ‘நகரி மூக்கு’ என்ற பாறைமுனை பாய்மரக் கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரையோரம் வந்த மாலுமிகளுக்கு நல்ல அடையாளமாக இருந்தது. கரை மணல்மேடும் பனையுமாக எங்கும் ஒரே மாதிரி தெரியும் இந்தக் கடற்பகுதியில் உள்நாட்டு மலைகளைக் கொண்டு இடம் குறிப்பதுதான் வழி.

750 மீட்டர் உயரமுள்ள உச்சியை, குறுக்கே தடை ஏதும் இல்லையென்றால், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் பார்க்கலாம். பூமியின் வளைவை வைத்துக் கணக்கிட்டால் வரும் தூரம் அது. கோட்டைக்குப்பம் அந்த எல்லைக்குள் நன்றாகவே வருகிறது. அப்படியிருந்தும் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மலை தெரிவதில்லை. காரணம் தூரமல்ல, ஏரியின் மேல் நிற்கும் ஈரம். மழை பெய்து காற்றிலுள்ள தூசி அடங்கிய மறுநாள் காலையிலும், மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாத மாலைகளில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்திலும் அதன் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

இந்த மலை 1960 வரை சென்னை மாநிலத்தின் (இன்றைய தமிழ்நாடு) பகுதி. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் உயர்ந்த இடம் இதுவே. பழைய அரசு ஆவணங்களில் ‘கம்பாக்கம் துர்க்கம்’ என்ற பெயரில் இருக்கிறது. சென்னை, ஆந்திர மாநில எல்லைத் தகராறில் நடுவராக இருந்த பட்டாஸ்கரின் பரிந்துரைப்படி எல்லை திருத்தப்பட்டபோது, 1960 ஏப்ரல் 1 முதல், சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்கும் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் போயின. சித்தூர் மாவட்டத்தில் இருந்த மலை 2022-இல் பிரிக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் இப்போது இருக்கிறது. பயணிக்கு இதனால் ஒரு நடைமுறை விளைவு உண்டு: மலையில் நுழைய அனுமதி ஆந்திர வனத்துறையிடம்தான் பெற வேண்டும், தமிழக வனத்துறைக்கு இங்கே வேலையில்லை. அடிவாரக் கிராமங்களில் தெலுங்கோடு தமிழும் புழங்குகிறது. அறிவிப்புப் பலகைகளில் பெரும்பாலும் தெலுங்குதான்.

பாறையும் பள்ளத்தாக்கும்

மலையின் உடல் இரண்டு அடுக்கு. அடியில் மிகப் பழைய கருங்கல். அதன்மேல் கடப்பைத் தொகுதியைச் சேர்ந்த குவார்ட்சைட், அதாவது நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் படிந்த மணல் அழுத்தத்தில் இறுகிக் கண்ணாடி போல் ஒட்டிக்கொண்ட பாறை. புவியியலாளர் இதை நகரி குவார்ட்சைட் என்பார்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு, துருப்பிடித்த காவி என்று நிறம் மாறும். இந்தப் பாறை எளிதில் கரையாது, பொடியாது. வெடிப்பு விழுந்தால் நேர்கோட்டில் விழும். உடைந்தால் கட்டை கட்டையாக விழும். மலையின் தோற்றம் முழுவதற்கும் இதுவே காரணம்: மேலே தட்டையான முகடு, ஓரத்தில் செங்குத்தான சுவர், சுவரின் அடியில் வீட்டளவு பாறைகள் உருண்டு கிடக்கும் சரிவு.

வெடிப்புகளைப் பிடித்துக்கொண்டு இறங்கும் நீர், ஒடுங்கிய ஆழமான பள்ளத்தாக்குகளை அறுத்திருக்கிறது. தெலுங்கில் அவற்றைக் ‘கோன’ என்பார்கள். உப்பலமடுகு அருவி இப்படி ஒரு கோனையில் இருக்கிறது. சென்னைவாசிகள் இதைத் தடா அருவி என்றே சொல்வார்கள். உண்மையில் தடாவிலிருந்து வரதய்யபாளையம் வழியாக மேற்கே வெகுதூரம் போய்த்தான் இதை அடைய வேண்டும். கோனைக்குள் சித்தேசுவரர் கோயில் ஒன்று உண்டு. மகாசிவராத்திரிக்குக் கூட்டம் வரும். நீர் விழும் இடங்களில் பாறை குடைந்து மடுக்கள் ஆகியிருக்கின்றன. பார்வைக்கு அமைதியான குளம் போல் தெரியும் இவற்றின் ஆழம் ஓரத்திலிருந்து தெரியாது. அடியில் உருண்டு கிடக்கும் பாறைகளுக்கிடையே பொந்துகள் உண்டு. நீந்தத் தெரிந்தவர்களே இந்த மடுக்களில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். மேலிருந்து குதிப்பது எந்தப் பருவத்திலும் கூடாது.

குவார்ட்சைட்டின் இன்னொரு குணம் வழவழப்பு. ஓடையில் நூற்றாண்டுகளாக நீர் தேய்த்த பாறையின் மேல் மெல்லிய பாசி படர்ந்தால் எந்தச் செருப்பும் பிடிக்காது. காய்ந்த பாறையில் நன்றாகப் பிடிக்கும் ரப்பர் அடி, ஈரமான பாறையில் வழுக்கிவிடும். ஓடையை ஒட்டி நடக்கும்போது வெள்ளையாகக் காய்ந்த இடத்தில் கால் வைத்து, கறுத்த இடத்தைத் தவிர்ப்பது அடிவாரத்து மாடு மேய்ப்பவர்கள் செய்வது.

தென்கிழக்கே சத்தியவேட்டை ஒட்டி நிலம் வேறு விதம். அங்கே தாழ்ந்த குன்றுகள். குவார்ட்சைட்டிலிருந்து உடைந்து உருண்ட கூழாங்கற்கள் மண்ணோடு சேர்ந்து இறுகிய படிவுகளே அவை. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் மலையிலிருந்து இறங்கிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டியவை; புவியியலில் சத்தியவேடு படிவுகள் என்று இந்த ஊரின் பெயரையே பெற்றவை. இதே வகைக் கூழாங்கல் கொற்றலை ஆற்றுப் படுகை வரைக்கும் பரவிக் கிடக்கிறது. பூண்டிக்கு அருகே அதிரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கண்டெடுத்த கற்கருவிகள் இந்தக் குவார்ட்சைட்டில் செதுக்கியவை. அந்த இடத்தின் மிகப் பழைய கருவிகள் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. நல்ல கல் கிடைக்கும் மலையைத் தேடி மனிதர்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கி வெகுகாலமாகிறது.

மரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அடிவாரத்தில் முள்ளும் காரையுமாகப் புதர்க்காடு. சரிவில் கோடையில் இலை உதிர்க்கும் மரங்கள். ஓடைக்கரையில் நீர்மருதும் நாவலும் எப்போதும் பச்சையாக. கோனைக்குள் நிழல் அடர்த்தி. முகட்டில் மண் ஆழமில்லாததால் புல்லும் ஈச்சம்புதரும்தான். எனவே வெயில் காலத்தில் பள்ளத்தாக்கில் நடப்பதும் முகட்டில் நடப்பதும் இரண்டு வேறு ஊர்களில் நடப்பதற்குச் சமம்.

மலையிலிருந்து ஏரிக்கு

கம்பாக்கம், நாகலாபுரம் மலைகளில் பெய்யும் மழையில் பெரும்பங்கு பழவேற்காடு ஏரிக்கே வந்து சேர்கிறது. ஆரணியாறு தென்மேற்கிலுள்ள மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, நாகலாபுரம், ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாக வந்து பழவேற்காட்டுக்கு அருகே ஏரியில் கலக்கிறது. காளங்கி ஆறு இந்த மலைத்தொகுதியின் கிழக்குப் பக்க நீரைச் சேர்த்துக்கொண்டு சூலூர்பேட்டை வழியாக ஏரியின் மேற்குக் கரையில் இறங்குகிறது. வடக்கே சுவர்ணமுகியின் பிரிவும் உண்டு.

ஏரியின் அமைப்பு தெரிந்தால்தான் மலையின் மழை கோட்டைக்குப்பத்துக்கு என்னவாக வந்து சேர்கிறது என்பது புரியும். பழவேற்காடு உப்புநீர் ஏரி. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். நீர் நிறைந்திருக்கும்போது 450 சதுர கிலோமீட்டரைத் தாண்டும், வற்றும்போது பெருமளவு சுருங்கும். இத்தனை பரப்புக்கும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்ற நீண்ட மணல்தீவு. தென்கோடியில் பழவேற்காட்டுக்குக் கிழக்கே உள்ள முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏரிக்குள் ஏறி இறங்குகிறது.

கோடையில் ஆறுகளில் நீர் இருக்காது. வெயில் ஏரிநீரை ஆவியாக்கும். கடலில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்கும் உப்பு, ஏரியின் உட்பகுதிகளில் அதையும் தாண்டிப் போகும். கடலோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தில் குவிந்து வாயை அடைக்கும். அப்போது கடலுக்கும் ஏரிக்கும் தொடர்பு நின்றுபோய், மீனும் இறாலும் உள்ளே வர வழியில்லாமல் தொழில் படுத்துவிடும். ஐப்பசியில் மலையில் மழை பிடித்ததும் நிலைமை தலைகீழாகும். ஆரணியிலும் காளங்கியிலும் செந்நிற நீர் இறங்கி, ஏரிமட்டம் உயர்ந்து, உள்ளிருந்து தள்ளும் வெள்ளம் மணலை அறுத்து முகத்துவாரத்தைத் திறக்கும். ஆற்றுநீர் கலக்கும் பகுதிகளில் உப்பு ஏறக்குறைய இல்லாமலே போகும். பிறகு தை, மாசியில் கடல்நீர் மெல்ல மீண்டு வரும். இறால் பிடிப்பு இந்தச் சுழற்சியைப் பார்த்தே நடக்கிறது. கோட்டைக்குப்பமும் பக்கத்துக் குப்பங்களும் முகத்துவாரத்தை ஒட்டிய மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ முறையின் பலன், 50 கிலோமீட்டர் தள்ளி மலையில் எவ்வளவு மழை பெய்தது என்பதையும் பொறுத்தது.

மலைநீர் முழுவதும் இயற்கையாக வருகிறது என்றும் சொல்ல முடியாது. பிச்சாட்டூர் அணையும் வழியிலுள்ள ஏரிகளும் தடுப்பணைகளும் தொடக்க மழையைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அவை நிறைந்த பிறகு பெய்வதுதான் ஒரேயடியாகக் கீழே வரும். அதனால் மழைக்காலத் தொடக்கத்தில் மலையில் கனமழை என்றாலும் பொன்னேரியில் ஆறு அமைதியாக இருக்கும். கார்த்திகையில் அதே அளவு மழைக்கு ஆரணிக்கரை ஊர்களில் கரை உடையும். 2015, 2021, 2023 ஆண்டுகளின் மழைக்காலத்தில் பொன்னேரி வட்டாரம் வெள்ளத்தில் நின்றபோது பிச்சாட்டூரிலிருந்து திறக்கப்பட்ட நீருக்கும் அதில் பங்குண்டு.

ஆண்டின் போக்கு

இந்த மலையின் வானிலையைக் கடல்தான் தீர்மானிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் பெரும்பகுதியை முன்பே எடுத்துவிடுவதால், ஆனியிலும் ஆடியிலும் இங்கே வந்து சேர்வது காய்ந்த மேல்காற்றுதான். மலைக்கு முக்கிய மழை கிழக்கிலிருந்து, ஏரியின் மேலாக, வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. கடற்கரையில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில். மலையின் கிழக்குச் சரிவு இந்தக் காற்றை நேருக்கு நேர் வாங்குகிறது. ஏறும் காற்று குளிர்ந்து மேகமாவதால், அடிவாரத்தில் தூறலாக இருக்கும்போது மேலே கொட்டிக்கொண்டிருக்கலாம். மேற்குச் சரிவில் இந்தப் பருவத்தில் மழை சற்றுக் குறைவு. கிழக்கு, மேற்குச் சரிவுகளில் எதில் ஏறுவது என்று முடிவு செய்யும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

உயரம் கூடக் கூட வெப்பம் குறையும் அளவு ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்பது பொதுக்கணக்கு. அதன்படி முகட்டில் அடிவாரத்தைவிட நான்கைந்து டிகிரி குறைவு. மார்கழி, தையில் விடியற்காலை அடிவாரத்தில் 20 டிகிரிக்கு அருகே இருந்தால் மேலே 15-16 இருக்கும். காற்றும் சேர்ந்தால் குளிர் உறைக்கும். மே மாதத்தில் சமவெளி 40-ஐத் தாண்டும்போது முகட்டில் 36 என்பது ஆறுதல் தராது. காலையிலிருந்து வெயில் குடித்த குவார்ட்சைட் பாறை கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். காற்றின் வெப்பத்தைவிட, பாறையிலிருந்து திரும்பி வரும் வெப்பம்தான் ஆளைச் சாய்க்கும்.

கோடையில் எல்லாவற்றையும் முடிவு செய்வது கடற்காற்று. கோட்டைக்குப்பத்தில் முற்பகல் கடைசியிலோ நண்பகலிலோ அது கரையேறிவிடும். ஏரியைத் தாண்டி மலையடிவாரம் போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகும். மேல்காற்று வலுவாக இருக்கும் நாளில் கடற்காற்றை உள்ளே விடாமல் கரையிலேயே நிறுத்திவிடும். அன்றைக்குத்தான் கத்திரி வெயிலின் முழு வேகமும் தெரியும். குப்பத்திலேயே பிற்பகல் ஒரு மணி வரை காற்று மேற்கிலிருந்து வீசினால், மலைக்கு அன்று கடற்காற்று போய்ச் சேராது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட், செப்டம்பரில் மேல்காற்று தளர்கிறது. கடற்காற்று மலைவரை போய் முட்டி மேலேறுகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலைத்தலையில் வெள்ளை மேகம் கோபுரமாக எழுந்து, மாலையில் இடியும் மழையும். இந்த மழை சிறு பரப்பில் பெய்யும், நேரமும் குறைவு, வேகம் மட்டும் அதிகம். பக்கத்துக் கிராமத்தில் சொட்டு விழுந்திருக்காது. மின்னலுக்கு இந்த மாதங்களே மோசமானவை. முகட்டில் புல்லும் தனி மரமும் தவிர வேறு உயரமான பொருள் இல்லாததால், இடிச் சத்தம் கேட்டவுடன் முகட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்குவது முகட்டில் நிற்பதைவிட மேலானதல்ல.

அக்டோபர் நடுவில் காற்று திரும்புகிறது. வாடைக்காற்று தொடங்கியபின் மழை நாள் முழுவதும் விட்டு விட்டுப் பெய்யும். காற்றழுத்தத் தாழ்வு வந்தால் இரண்டு மூன்று நாள் விடாது. வங்கக்கடல் புயல்கள் இந்தக் கரையை நோக்கி வருவது நவம்பரிலும் டிசம்பரிலும். 1984 நவம்பரில் ஒரு கடும் புயல் ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிக் கரையேறியது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னைக்கு அருகே கடந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் ஆந்திரத்தின் பாபட்லா பக்கம் கரை கடப்பதற்கு முன் இந்தக் கடலோரத்தை உரசியபடி மெதுவாக நகர்ந்தது. கரை கடக்கும் இடத்தை மட்டும் செய்தியில் கேட்டுவிட்டு ‘நமக்கு இல்லை’ என்று நினைப்பவர்களுக்கு மிக்ஜாம் நல்ல உதாரணம்: மழையைக் கொட்டியது வழியில்தான். அதேபோல 2021 நவம்பர் 18-19-இல் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கடந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் திருப்பதியையும் திருமலையையும் வெள்ளத்தில் மூழ்கடித்தது. புயல் என்ற பெயர்கூட அதற்குக் கிடையாது. மலை இருக்கும் இடத்தில் தாழ்வு மண்டலமே போதும்.

ஜனவரியில் மழை ஓய்கிறது. தை, மாசி விடியலில் ஏரியின் மேலும் அடிவார வயல்களிலும் பனிமூட்டம். எட்டு, ஒன்பது மணிக்குப் பிறகே விலகும். ஏரியில் பூநாரைகள் நிறைந்திருக்கும் காலமும் இதுவே. ஓடைகளில் நீர் தெளிந்து, வேகம் அடங்கி, மடுக்கள் நிறைந்திருக்கும். மார்ச் கடைசிக்குள் சிறு ஓடைகள் நின்றுவிடும். மேலிருக்கும் பாறை வெடிப்புகளில் இறங்கிய நீர் கீழ்அடுக்கைத் தொடும் இடங்களில் சில ஊற்றுகள் மட்டும் மே வரை கசிந்துகொண்டிருக்கும். அவற்றை நம்பி வெறும் கையோடு போவது தவறு.

ஓடை பெருகும் விதம்

இந்த மலையில் பயணி கற்றுக்கொள்ள வேண்டியது வேறு எதையும்விட இதுதான். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் நீர். கோனையின் தலைப்பில் பத்துச் சதுர கிலோமீட்டர் பாறைமேடு இருந்து, அங்கே ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் 50 கோடி லிட்டர். குவார்ட்சைட் நீரை உறிஞ்சாது. மண் ஆழமில்லை. பருவத் தொடக்கத்தில் காய்ந்த மண்ணும் சருகும் கொஞ்சம் பிடித்து வைக்கும். கார்த்திகைக்குள் அதுவும் நனைந்து நிறைந்திருக்கும். மீதி எல்லாம் அந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கு வழியாகத்தான் இறங்கியாக வேண்டும்.

உள்ளே நிற்பவருக்கு மேலே பெய்யும் மழை தெரியாது. இருபுறமும் பாறைச்சுவர் வானத்தை ஒரு கீற்றாகக் குறுக்கிவிடும்; அந்தக் கீற்றில் வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம். முதலில் மாறுவது நீரின் நிறம். தெளிந்த ஓடை கலங்கி, தேநீர் நிறத்துக்கு வரும். அடுத்து சருகும் குச்சியும் மிதந்து வரும். பாறையோரத்தில் ஈரக்கோடு மேலேறும். அருவியின் ஓசை கனத்துப் போகும். இவற்றில் முதலாவதைப் பார்த்ததுமே, பையை எடுக்க அக்கரைக்குப் போகாமல், நிற்கும் கரையிலேயே மேட்டுக்கு ஏற வேண்டும். எந்தக் கரை ஊர்ப்பக்கம் என்று யோசிப்பதற்கு நேரம் இருக்காது. இரவு முழுவதும் தவறான கரையில் உட்கார்ந்திருப்பது சிரமம்தான். முழங்கால் அளவு வேகநீரில் இறங்கியவர்கள் அந்தச் சிரமத்தைப் படவில்லை, அடித்துச் செல்லப்பட்டார்கள். மழை நின்றால் சிறு ஓடைகள் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். காத்திருப்பதே வழி.

ஓடைப்படுகையின் மணல்திட்டு கூடாரம் போட வசதியாகத் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே தங்குவது தற்கொலைக்கு ஒப்பு. பழைய வெள்ளம் விட்டுப்போன சருகுக் கொத்துகள் புதர்களில் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பார்த்தால், நீர் எவ்வளவு ஏறும் என்பது தெரியும். சில இடங்களில் அது ஆள் உயரத்துக்கும் மேல்.

போகும் காலமும் வழியும்

ஜனவரி முதல் பிப்ரவரி கடைசி வரை ஏற்ற காலம். மார்ச் முதல் பாதியும் பரவாயில்லை. ஏப்ரல், மே, ஜூனைத் தவிர்க்க வேண்டும். போயே ஆகவேண்டியவர்கள் விடியுமுன் தொடங்கிப் பத்து மணிக்குள் நிழலுக்குள் வந்துவிட வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை காலைகள் நடக்க ஏற்றவை, மாலைகள் இடிக்கு உரியவை. அக்டோபர் 15 முதல் டிசம்பர் கடைசி வரை சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையும், ஆந்திரப் பகுதிக்கு அமராவதி மையத்தின் அறிவிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலை மாநில எல்லைக்கு அப்பால் இருப்பதால் தமிழ்ச் செய்திகளில் திருவள்ளூர் மாவட்டத்தோடு எச்சரிக்கை நின்றுவிடும்; திருப்பதி மாவட்டத்துக்கு என்ன நிறம் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் மலைக்குப் பொருந்தும்.

கோட்டைக்குப்பத்திலிருந்து போகிறவர்கள் பழவேற்காடு, பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கம் தாண்டித் தடாவில் மேற்கே திரும்ப வேண்டும். வரைபடத்தில் மலை ஏரிக்கு எதிரே இருப்பதாகத் தெரிந்தாலும், ஏரியைச் சுற்றியே போக வேண்டியிருப்பதால் சாலைத்தூரம் நேர்கோட்டுத் தூரத்தைவிட மிக அதிகம். ரயிலில் சென்னை-கூடூர் தடத்தில் தடா நிலையத்தில் இறங்கலாம். வரதய்யபாளையத்துக்குப் பிறகு கடைகள் அரிது. ஆளுக்கு மூன்று லிட்டர் நீர் குறைந்த அளவு. மார்ச் மாதத்துக்கு நான்கு. வனத்துறைச் சாவடியில் நுழைவுக் கட்டணம் செலுத்திப் பெயர் எழுதிவிட்டே போக வேண்டும். செம்மரக் கடத்தல் காரணமாகத் திருப்பதி, சித்தூர், கடப்பை மலைகளில் சோதனை கடுமை. இருட்டிய பிறகு காட்டுக்குள் இருப்பவர்களைச் சுற்றுலாப் பயணி என்று யாரும் முதலில் நினைக்க மாட்டார்கள்.

வெளிச்சத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். டிசம்பரில் இங்கே சூரியன் மறைவது மாலை ஐந்தே முக்கால் வாக்கில். மேற்கே முகடு உயர்ந்திருப்பதால், கிழக்குப் பக்கக் கோனைக்குள் மூன்று மணிக்கே நேர்வெயில் போய்விடும், ஐந்து மணிக்குக் கால் வைக்கும் பாறை சரியாகத் தெரியாது. கைப்பேசி அலை முகட்டில் கிடைக்கும், பள்ளத்தாக்கில் கிடைக்காது. எனவே அருவியிலிருந்து திரும்பும் நேரத்தைப் பிற்பகல் இரண்டு மணி என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, சாவடியில் அதைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கமாக இருக்க வேண்டும்.